யூரோசெப்சிஸ்னு எழுதியிருந்தா என்ன கோடு போடறது?

கேள்வி: மேடம், நாலு மாசமா திருச்சியில ஒரு கம்பெனியில மெடிக்கல் கோடரா (சார்ட் படிச்சு நோய்க்கு உண்டான கோடு போடற வேலை) இருக்கேன், அமெரிக்க ஆஸ்பத்திரி இன்பேஷன்ட் சார்ட். எழுபது வயசு பாட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியில டாக்டர் 'யூரோசெப்சிஸ்'னு எழுதியிருந்தார், யூரின் கல்ச்சர்ல ஈ.கோலை, நான் ஈ.கோலை செப்சிஸுக்கான ஏ41.51 போட்டேன், ஆடிட்ல எரர் அடிச்சுட்டாங்க. இன்னொரு சார்ட்ல பொறந்த குழந்தைக்கு கன்ஜெனிட்டல் ரூபெல்லா சிண்ட்ரோம், பிறவிக் கோளாறுக்கான கியூ சாப்டர் முழுக்க தேடியும் கோடு கிடைக்கல. எங்க தப்பு பண்றேன்?
— புது கோடர், திருச்சி

பதில்: தம்பி, அந்த யூரோசெப்சிஸ்ல நானும் விழுந்து எழுந்தவதான். டாக்டருங்க பேச்சுவாக்குல எழுதிடுவாங்க, சிலருக்கு அது நிஜ செப்சிஸ் (தொற்றால உடம்பே ஆபத்தான நிலைக்குப் போறது), சிலருக்கு வெறும் யூரின் இன்ஃபெக்ஷன் (யூடிஐ), அதனாலதான் ஐசிடி-10-சிஎம்ங்கற அமெரிக்க நோய்க் கோடு முறையோட கைட்லைன் அதுக்கு கோடே கிடையாது, டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்டு ஒரு கேள்வி) போட்டே ஆகணும்னு நேராவே சொல்லிடுச்சு. க்வெரியில "செப்சிஸ் தானே சார்?"னு ஊட்டி விடக்கூடாது. காய்ச்சல், டபிள்யூபிசி கவுன்ட், லாக்டேட், கல்ச்சர் எல்லாத்தையும் எடுத்து வச்சு, செப்சிஸா, யூடிஐ மட்டுமா, வேற ஏதாவதா, சொல்ல முடியலையான்னு கேட்டுட்டு விட்டுடணும். ஈ.கோலை செப்சிஸ், அட்மிட் ஆகும்போதே இருந்துச்சுன்னு அவர் எழுதினா உங்க ஏ41.51 முதல்ல, யூடிஐக்கான என்39.0 அடுத்து. யூடிஐதான்னா என்39.0, கூட ஈ.கோலைக்கு உண்டான கோடு, அதுவும் லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நாமளா போடக்கூடாது, டாக்டர் நோட்ஸ்ல அந்தப் பேர் வரணும். ஆடிட்டர் ஏன் இவ்வளவு கறார்னா, செப்சிஸ் டிஆர்ஜி (ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பணம்னு முடிவு பண்ற கேஸ் குரூப்) 871, 872ல போகும், யூடிஐ 689, 690ல போகும், பணத்துல நல்ல வித்தியாசம், இன்ஷூரன்ஸ்காரன் சார்ட்டை நோண்டாம விடமாட்டான்.

ரூபெல்லாவுக்கு வருவோம். பேர்ல கன்ஜெனிட்டலும் சிண்ட்ரோமும் இருந்ததும் நேரா கியூவுக்கு ஓடிட்டீங்க! உறுப்புலயோ குரோமோசோம்லயோ பிறவிக் கோளாறுன்னாதான் கியூ, டவுன் சிண்ட்ரோம் கியூ90 மாதிரி. அம்மா வயித்துல இருக்கும்போதே தொத்தின ரூபெல்லா பெரிநேட்டல் (பிரசவத்தை ஒட்டின காலம்) சாப்டர்ல இருக்கு, P35.0. பிறவி சிபிலிஸ் அங்கயும் இல்ல, ஏ50னு இன்ஃபெக்ஷன் சாப்டர்லயே உக்காந்திருக்கு, யார் இப்படி பிரிச்சாங்களோ. அடுத்த தடவை சாப்டரை புரட்டாதீங்க, இண்டெக்ஸ்ல ரூபெல்லான்னு போய் அதுக்குக் கீழ கன்ஜெனிட்டல்னு பாருங்க, அரை நிமிஷம்.