கரண்ட் போனால் சர்வர் முறையாக அணைய: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை மென்பொருளாக ஓட்டும் அமைப்பு) போட்டு நான்கு விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிறோம். 3 கேவிஏ யுபிஎஸ் இருக்கிறது. நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்து சர்வர் சட்டென்று நின்றுவிடுகிறது. ஒருமுறை டேட்டாபேஸே கெட்டுப்போனது. எல்லாம் தானாக, வரிசைப்படி அணைய என்ன வழி?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டுக்கே, அதாவது மெஷின்களைத் தாங்கும் சர்வருக்கே கொடுங்கள். உள்ளே ஓடும் விண்டோஸுக்கு அதைத் திருப்பிவிட்டால் அந்த ஒரு மெஷின்தான் அணையும், மற்ற மூன்றுக்கும் எதுவும் தெரியாது. ஹோஸ்டில், யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ‘நட்’ எனப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸை நிறுவுங்கள். ‘யுபிஎஸ்சி’ கட்டளை கொடுத்தால் நிலை ‘ஓஎல்’ (மெயின்ஸில் ஓடுகிறது) என்று வர வேண்டும். மெயின்ஸை அணைத்ததும் ‘ஓபி’ (பேட்டரியில் ஓடுகிறது) என்று மாற வேண்டும். இது சரியாக வராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

நட் இயல்பாக, பேட்டரி குறைந்துவிட்டது என்று யுபிஎஸ் சொல்லும்வரை காத்திருக்கும். இதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த நிமிடமே படுத்துவிடும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கில் வையுங்கள். நட்டில் உள்ள ‘யுபிஎஸ்ஷெட்’ டைமரில் 120 வினாடி கொடுங்கள். அதற்குள் கரண்டோ ஜெனரேட்டரோ வந்தால் டைமர் ரத்தாகட்டும், வராவிட்டால் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லும் ‘யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி’ கட்டளை ஓடட்டும். யுபிஎஸ்மான் அமைப்பில் ‘ஆன்பேட்’ (பேட்டரிக்கு மாறியது), ‘ஆன்லைன்’ (மெயின்ஸ் திரும்பியது) இரண்டின் நோட்டிஃபை ஃபிளாகிலும் ‘எக்ஸெக்’ (கட்டளையை ஓட்டு) சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் டைமர் தொடங்கவே தொடங்காது; பிழைச் செய்தியும் வராது.

அடுத்தது வரிசை. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஸ்டார்ட்/ஷட்டவுன் ஆர்டர் எண் உண்டு. சிறிய எண் முதலில் எழும், கடைசியில் அணையும். பயனர் லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு 1, டேட்டாபேஸுக்கு 2, அதை நம்பி ஓடும் அப்ளிகேஷனுக்கு 3 கொடுங்கள். எண் தராத சோதனை மெஷின் எல்லாவற்றுக்கும் முன்பே அணைந்துவிடும். அணைய எவ்வளவு நேரம் தரலாம் என்பதை ‘ஷட்டவுன் டைம்அவுட்’ தீர்மானிக்கிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் 180 வினாடி. அதற்குள் அணையாத மெஷின் வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும், அதாவது கரண்ட் போனால் என்ன ஆகுமோ அதேதான். பெரிய டேட்டாபேஸுக்கு 300 தாருங்கள், சோதனை மெஷினுக்கு 60, அப்ளிகேஷனுக்கு 120 என்று வையுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சோதனை மெஷின் 60, அப்ளிகேஷன் 120, டேட்டாபேஸ் 300, டொமைன் கன்ட்ரோலர் 180, ஹோஸ்ட் அணைய 60, முதலில் காத்திருந்த 120. மொத்தம் 840 வினாடி, 14 நிமிடம். இது உச்சவரம்பு, நடப்பில் பாதியில் முடியலாம். ஆனாலும் உங்கள் உண்மையான லோடில் யுபிஎஸ் 20 நிமிடமாவது தாங்க வேண்டும். தாங்காவிட்டால் முதலில் அந்த 120-ஐக் குறையுங்கள். டேட்டாபேஸின் 300-இல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு விண்டோஸ் மெஷின் மட்டும் எப்போதும் டைம்அவுட் ஆகிறதே?

பதில்: பெரும்பாலும் ஆப்ஷன்ஸில் க்யூஈஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டை (மெஷினுக்குள் இருந்து ஹோஸ்டின் கட்டளையை ஏற்கும் சிறு நிரல்) டிக் செய்திருப்பார்கள், விண்டோஸுக்குள் அதை நிறுவியிருக்க மாட்டார்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் அந்த ஏஜென்ட்டிடமே பேசிப் பேசி நேரத்தைக் கழித்துவிடும். விண்டோஸுக்கான டிரைவர்கள் அடங்கிய விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவில் உள்ள ஏஜென்ட்டை நிறுவி, ‘க்யூஎம் ஏஜென்ட்’ கட்டளையில் மெஷின் எண்ணும் ‘பிங்’கும் கொடுத்துப் பாருங்கள். பிழை வராவிட்டால் ஏஜென்ட் ஓடுகிறது என்று பொருள். டிக்கை மாற்றினால் மெஷினை முழுதாக அணைத்து ஏற்ற வேண்டும். விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் செய்வது போதாது.

கேள்வி: பயாஸில் ‘பவர் ஆன்’ (கரண்ட் வந்ததும் தானாக எழு) வைத்தும் சில சமயம் கரண்ட் வந்த பிறகு சர்வர் எழுவதில்லை. ஏன்?

பதில்: சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பியிருக்கும். யுபிஎஸ்ஸின் அவுட்புட் ஒரு கணம்கூட நிற்கவில்லை என்பதால், சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. பயாஸ் அமைப்புக்கு வேலையே வராது. இதற்குத்தான் ‘பவர்டவுன்ஃபிளாக்’ இருக்கிறது: ஹோஸ்ட் அணையும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸுக்கு அவுட்புட்டை வெட்டச் சொல்லும். மெயின்ஸ் இருந்தாலும் யுபிஎஸ் வெட்டிவிட்டு மறுபடி கொடுக்கும். நட்டின் ‘யுஎஸ்பிஎச்ஐடி-யுபிஎஸ்’ டிரைவரில் ‘ஆஃப்டிலே’ (வெட்டுமுன் காத்திருக்கும் நேரம்) 20 வினாடி, ‘ஆன்டிலே’ (மறுபடி கொடுக்குமுன் காத்திருக்கும் நேரம்) 30 வினாடி என்று இருக்கும். அதே யுபிஎஸ்ஸில் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியும் இருந்தால் 20 வினாடி போதாது. 120 வையுங்கள், ஆன்டிலே அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அவுட்புட்டை வெட்டும் கட்டளையையே ஏற்காத யுபிஎஸ்களும் உண்டு. வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எப்படிச் சோதிப்பது?

பதில்: அலுவலகம் முடிந்த பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் ‘யுபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி’யை நேரடியாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மெஷினும் எத்தனை வினாடியில் அணைந்தது என்று டாஸ்க் லாகில் தெரியும். மறுமுறை உண்மையாகவே மெயின்ஸை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் போய்விடும். சாக்கெட்டின் சுவிட்சை அணைத்தாலே போதும். பேட்டரி மாற்றினாலும் புது மெஷின் சேர்த்தாலும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.