அட்மின் தூக்கிவிட்டார், அண்ணாச்சி!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் பற்றியவை. கேமில் தோற்ற கதை ஒன்றுகூட இல்லை. எல்லாம் குரூப் சண்டை. வடசேரியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணாச்சி, பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கான ஒரு தமிழ் டிஸ்கார்டு சர்வரில் (டிஸ்கார்டு என்பது அரட்டை ஆப், சர்வர் என்பது அதிலுள்ள குரூப்) ரொம்ப காலமாக இருந்தேன். போட்டி நடத்துகிறோம் என்று ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். போட்டி நடக்கவில்லை. பணம் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அன்று ராத்திரியே பேன் (ban), திரும்ப உள்ளே வர முடியாதபடி தூக்கிவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. யாரிடம் புகார் செய்வது?
– பொறியியல் மாணவர், மார்த்தாண்டம்

மக்களே, பேன் வேறு, பணம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

பேன் அநியாயம் என்று டிஸ்கார்டு கம்பெனிக்கு எழுதினால் பதில் கிடைக்காது. மிரட்டல், ஆபாசம், பண மோசடி என்று கம்பெனியின் சொந்த விதியை யாராவது மீறினால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள். மற்றபடி, பெயருக்குப் பக்கத்தில் கிரீடம் வைத்திருக்கிறாரே ஓனர், அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் தடயம் இருக்கும். சர்வர் செட்டிங்கில் ஆடிட் லாக் என்று ஒன்று உண்டு. யார், யாரை, எந்த நேரத்தில் பேன் செய்தார் என்பது அதில் 45 நாள் வரை நிற்கும். அதைப் பார்க்க அனுமதி உள்ள மாடரேட்டர் (குரூப்பைக் கண்காணிக்கும் ஆள்) யாராவது உனக்குப் பழக்கம் என்றால் பார்க்கச் சொல். வசூல் செய்த ஆளே ஓனருக்குத் தெரியாமல் உன்னைத் தூக்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்தது பணம். யுபிஐ ரசீது உன் போனில் இருக்கும். போட்டி அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் டிஸ்கார்டுக்கு மோசடி என்றே ரிப்போர்ட் செய், பேன் என்று அல்ல. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்குப் போலீசா என்று கூச்சப்படாதே, சர்வரில் எத்தனை பேரிடம் வாங்கினார்கள் என்று கணக்குப் போட்டுப் பார். இன்னொன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பதிவு பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் (மின்னணு விளையாட்டுப் போட்டி) அல்லாத ஆட்டத்துக்குக் கட்டணம் வாங்கிப் பரிசுப் பணம் தருவதாகச் சொல்வது பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் சேர்ந்துவிடும். நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். உன் அட்மினுக்கு இது தெரியுமா என்று தெரிந்த ஆள் மூலமாகக் கேட்டுப் பார். பணம் சீக்கிரம் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. உன் ஊர்ப் பக்கம் முக்குக்கு முக்கு ஒரு கலை விளையாட்டு மன்றம் இருக்கிறது. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வடம் இழுத்தல், உறியடி என்று அமர்க்களம். முடிந்ததும் பொதுக்குழுவில் பொருளாளர் நோட்டை விரித்து வாசிப்பார்: மைக் செட் இவ்வளவு, ஜெயித்த அணிக்குக் கொடுத்த ஏத்தன் வாழைக்குலை இவ்வளவு. "போன வருசத்தைவிட மைக் செட்டுக்கு ஏன் கூடுதல்?" என்று ஒருத்தர் எழுந்து நிற்பார். கேட்டவரை யாரும் மன்றத்தை விட்டு நீக்குவதில்லை. ரொம்பக் கேட்டால் அடுத்த வருசம் அவரையே பொருளாளர் ஆக்கிவிடுவார்கள், அதுதான் தண்டனை. அந்த மன்றத்தில் வளர்ந்த பையன்கள்தான் டிஸ்கார்டில் சர்வர் திறந்ததும் கணக்குக் கேட்டவனைத் தூக்குகிறார்கள். அங்கே வெளியேற்ற ஒரு பொதுக்குழு கூட வேண்டும். இங்கே ஒருத்தர் படுத்துக்கொண்டே பட்டனை அமுக்கினால் போதும். ஆள் கெட்டவன் என்பதைவிட அந்த வசதிதான் கெடுக்கிறது.

பத்தாவது படிக்கும் என் மகனின் கேம் அக்கவுண்டை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். அவன் அப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் கேமில் போடும் உடுப்பு, துப்பாக்கிக்கான அலங்கார ஸ்கின் எல்லாம் வாங்கி வைத்திருந்தானாம். சோறு தின்ன மாட்டேன் என்கிறான். திரும்பக் கிடைக்குமா?
– ஒரு தாய், குளச்சல்

அக்கா, முதலில் பையனிடம் மெதுவாக ஒரு விஷயம் கேளுங்கள்: ஐடியையும் பாஸ்வேர்டையும் யாருக்காவது கொடுத்தானா, பாதி விலைக்கு யூசி (கேமுக்குள் செலவழிக்கும் காசு) போட்டுத் தருகிறேன் என்று யாராவது வாங்கினார்களா? முடக்கப்படும் அக்கவுண்டுகளில் இந்தக் கதை நிறைய உண்டு. பையன் ஏமாற்று ஆப் எதுவும் போடாமலே மாட்டிக்கொள்வான்.

அப்படி எதுவும் இல்லை என்றால் எழுதிக் கேட்க உரிமை இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்த நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் முகவரியையும் ஆப்பிலோ இணையதளத்திலோ வெளியிட வேண்டும். புகார் வந்தது என்று 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். எழுதும்போது 'என் மகன் அழுகிறான்' என்று ஆரம்பிக்காதீர்கள். கேம் ஐடி எண், முடக்கிய தேதி, திரையில் வந்த வாசகம் அப்படியே, பணம் கட்டிய ரசீது எண்கள். அப்புறம் ஒரே கேள்வி: எந்த விதியை, எந்த நாளில் மீறினான்? அவ்வளவு போதும்.

ஸ்கின் விஷயத்தில் மட்டும் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அவன் அதை வாங்கவில்லை, பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கிறான். விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருக்கும். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அரசு 118 ஆப்களைத் தடை செய்தபோது பப்ஜி மொபைல் போனது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஆட்டமே நிற்கிறதா போகிறதா என்று தெரியாத இடத்தில் உடுப்புக்கு என்ன உத்தரவாதம்? இதை அவன் அப்பாவுக்கும் போனில் சொல்லிவிடுங்கள்.

மாடரேட்டர்கள் ஏன் இப்படிப் பெரிய அதிகாரி மாதிரி நடந்துகொள்கிறார்கள்?
– வாசகர், தக்கலை

சம்பளம் இல்லாததால்தான். சிரிக்காதீர்கள். உழைப்புக்குக் கூலி இல்லாத இடத்தில் அதிகாரம்தான் கூலி. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தொண்ணூறுகளில் தன் அரட்டை அறைகளைக் கவனிக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. இது வேலைதானே, கூலி எங்கே என்று அவர்களில் சிலர் 1999இல் வழக்குப் போட்டார்கள். 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதன் பிறகும் யாரும் திருந்தவில்லை. 2023 ஜூனில் ரெட்டிட் என்ற விவாதத் தள நிறுவனம் தன் தளத்தைக் காட்டும் வெளி ஆப்களிடம் பெருந்தொகை கேட்டபோது, அதை எதிர்த்து மாடரேட்டர்கள் ஆயிரக்கணக்கான குழுக்களைப் பூட்டினார்கள். திறக்காவிட்டால் உங்களை மாற்றிவிடுவோம் என்று நிறுவனம் சொன்னது. தனக்குக் கீழே இருப்பவரை மாடரேட்டர் தூக்குகிறார், மாடரேட்டரைக் கம்பெனி தூக்குகிறது.

எனக்கு அவர்கள் மேல் பாதி அனுதாபம் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் பார்ப்பது முழுக்க ரிப்போர்ட் ஆன கெட்ட வார்த்தைகள்தான். நல்ல பேச்சை யாரும் ரிப்போர்ட் செய்வதில்லை. நாள் போகப் போக எல்லாரும் திருடன் மாதிரித் தெரிவார்கள். மீதிப் பாதி அனுதாபத்தை மார்த்தாண்டம் பையனுக்கு வைத்திருக்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி மானிட்டர்களுக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன்: 'ரவுண்டு நடுவில் கேபிளைப் பிடுங்கினால் இன்று ஆட்டம் இல்லை. நாளை வரலாம்.' கவுண்டர் ஸ்டிரைக் ஆடும்போது சாகப்போகிறோம் என்று தெரிந்தால் லேன் கேபிளை உருவுகிற ஒரு கூட்டம் இருந்தது. அட்டையில் இருந்ததால் யாரை வெளியே அனுப்பினாலும் வாக்குவாதம் இல்லை. அவனே அட்டையைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுவான். 'நாளை வரலாம்' என்ற வரி முக்கியம். தண்டனைக்கு முடிவுத் தேதி இல்லாவிட்டால் பையன் திரும்பி வரமாட்டான், கூடவே நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போவான்.

ஆடுகிறவர்களே ஓட்டுப் போட்டு ஆள் தேர்ந்தெடுக்கிற கேம் உலகத்தில் எங்காவது இருக்கிறதா?
– ஆசிரியர், குலசேகரம்

இருக்கிறது சார். ஈவ் ஆன்லைன் என்று ஐஸ்லாந்துக் கம்பெனி நடத்தும் விண்வெளி ஆட்டம். அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவர் தன் கூட்டணிக்கு விதியை மீறிச் சலுகை எடுத்துக்கொண்டது 2007இல் வெளியே வந்தது. ஆடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். 2008இல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு அமைக்கும் ஆலோசனைக் குழு பிறந்தது. தேர்வானவர்கள் ரெய்க்யவிக் போய்க் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, கேள்வி கேட்கும் அதிகாரம்தான். அங்கேயும் பெரிய கூட்டணிகள் ஓட்டைச் சேர்த்துக் குத்துவது உண்டு. தேர்தல் என்றால் அது இல்லாமலா?

குரூப் வாய்ஸ் சாட்டில் என் குரல் கேட்டதுமே ஒருவர் அசிங்கமாகப் பேசுகிறார். அட்மினிடம் சொன்னால், "அவரை மியூட் பண்ணிக்கோம்மா, கேம்னா இப்படித்தான்" என்கிறார். நான் விலகுவதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

மியூட் செய்தால் உன் காதுக்குத்தான் கேட்காது மக்களே, அவன் பேசிக்கொண்டுதான் இருப்பான். அடுத்து வரும் பெண்ணிடமும் பேசுவான். திரையைக் குரலோடு பதிவு செய். அவன் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். கேமுக்குள்ளேயே ரிப்போர்ட் செய், டிஸ்கார்டு என்றால் அங்கேயும் செய். மிரட்டல், படம் கேட்பது என்று போனால் சைபர் குற்றப் பிரிவுக்குப் போ, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு. அந்த அட்மின் இருக்கிற குரூப்பில் நீ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. போகும்போது சும்மா போகாதே, அவர் சொன்ன அந்தப் பதிலையும் ஸ்கிரீன்ஷாட்டாகப் பொதுவில் போட்டுவிட்டுப் போ.

காசு கொடுத்து வாங்கிய கேமின் சர்வரைக் கம்பெனி மூடினால் என்ன செய்ய முடியும்?
– வாசகர், அருமனை

இங்கே இப்போதைக்கு ஒன்றும் இல்லை. யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் 'தி குரூ' என்ற கார் ஓட்டும் ஆட்டத்தின் சர்வரை நிறுத்தியது. அதிலிருந்து ஐரோப்பாவில் ஓர் இயக்கம் கிளம்பி, பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் வாங்கியிருக்கிறது. அங்கே ஏதாவது சட்டம் வந்தால் நமக்கும் வாடை அடிக்கும்.

எங்கள் ஊர்ப் பையன்கள் இ-ஃபுட்பால் ஆட ஒரு டிஸ்கார்டு சர்வர் வைத்திருக்கிறோம். ஓனர் ஆழ்கடல் தொழிலுக்குப் போய்விட்டார். வாரக்கணக்கில் சிக்னல் இல்லை. இதற்கிடையே ஒரு மாடரேட்டர் கோபத்தில் பாதிப் பேரைத் தூக்கிவிட்டான். என்ன செய்ய?
– தூத்தூர் நண்பர்கள்

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஓனர்ஷிப்பை ஓனரின் அக்கவுண்டிலிருந்துதான் மாற்ற முடியும். கடலிலிருந்து ஆகாது. இப்போதைக்கு அட்மின் அதிகாரம் உள்ள வேறு ஒருவர் இருந்தால், அந்த மாடரேட்டரின் ரோலை (பதவியை) எடுத்துவிட்டு, பேன் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக விடுவிக்கச் சொல்லுங்கள். பேன் நீங்கினாலும் தானாகச் சேரமாட்டார்கள், புது அழைப்பு லிங்க் அனுப்ப வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை என்றால் புது சர்வர் திறந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள், பழையதில் ஒன்றும் பெரிதாகப் போய்விடவில்லை.

போட் கரைக்கு வந்ததும் நான்கு வேலை. ஓனர்ஷிப்பைக் கரையில் வேலை பார்க்கிற ஆளுக்கு மாற்றுங்கள், படிக்கிற பையனாக இருந்தாலும் பரவாயில்லை. பேன் போடும் அனுமதியை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். பேன் போட்டவர் ஒருவர் என்றால் மறுமனுவைப் பார்ப்பவர் இன்னொருவராக இருக்கட்டும். பேன் எல்லாம் காரணத்தோடு ஒரு தனிச் சேனலில் விழட்டும், எல்லோரும் பார்க்கிற மாதிரி. அந்தக் கோபக்காரப் பையனை விரட்ட வேண்டாம். அந்தச் சேனலை எழுதும் வேலையை அவனிடமே கொடுங்கள்.