வருடம் முழுக்க ஆற்றில் மீன் பிடிக்க எந்த வேடர்ஸ், எந்த பூட்ஸ்?

நியூசிலாந்தின் டோங்காரிரோ ஆற்றில் கோடையிலும் குளிரிலும் டிரவுட் மீன் பிடிக்க ஒரே வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நீர்புகா காற்சட்டை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் நியோப்ரீன் (தடித்த ரப்பர் நுரை) வேண்டாம். அங்கே குளிர்காலமான ஜூலையில் கதகதப்பாக இருக்கும், சரி, ஜனவரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் ஆற்றில் இறங்காமலேயே வியர்வையில் நனைந்துவிடுவீர்கள். வியர்வை ஆவியாக வெளியேறும் மெல்லிய துணியில், மார்பு வரை வருவதாக, பாதம் சாக்ஸ் போல முடிகிறதாக வாங்குங்கள். குளிருக்கு உள்ளே ஃப்ளீஸ் பேன்ட், கம்பளி சாக்ஸ்.

பூட்ஸில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கடையிலேயே வேடர்ஸும் அந்தத் தடித்த சாக்ஸும் போட்டுக்கொண்டு பூட்ஸை மாட்டிப் பாருங்கள். விரல்களை அசைக்க முடியவில்லை என்றால் ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைத்துவிடும், மேலே இன்னொரு சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம் (ஒரு சைஸ் சின்னதாக வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்க அவதிப்பட்டவன் சொல்கிறேன்). அடிப்பாகம் ரப்பராக, டங்ஸ்டன் ஆணி பதித்ததாக இருக்கட்டும். வழுக்குப் பாறையில் ஃபெல்ட் (அழுத்திய இழைத் துணி) அடிப்பாகம் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் அதன் ஈரத்தில் டிடிமோ பாசி உயிரோடு தங்கி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும் என்று 2008லேயே நியூசிலாந்தில் தடை செய்துவிட்டார்கள்.

அப்புறம் இடுப்பு பெல்ட். இறுக்கிக் கட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், தவறி விழுந்தால் வேடர்ஸுக்குள் மளமளவென்று தண்ணீர் ஏறாமல் தடுப்பது அதுதான்.