உகாய் இலையைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்மால் சால்மன் அராப் பட்டாம்பூச்சியைத் தேடி நானும் தோழிகளும் மூன்று ஞாயிறு கோடியக்கரைக் காட்டுக்குப் போனோம். முதல் வாரம் இரண்டு பார்த்தோம். அடுத்த இரண்டு வாரமும் ஒன்றுகூட இல்லை. இதைக் கணக்கெடுப்பு என்று வனத்துறையிடம் கொடுக்க முடியுமா?

க., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள க.,

தாராளமாகக் கொடுங்கள். அந்த இரண்டு வெறும் வாரங்களையும் விடாமல் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றும் தென்படாத நாளை நோட்டில் ஏற்றாவிட்டால், பின்னால் பார்ப்பவருக்குப் பூச்சி வரவில்லையா, ஆளே போகவில்லையா என்று தெரியாமல் போய்விடும். தடத்தை மட்டும் மாற்றாதீர்கள். பிரிட்டனில் 1976 முதல் இப்படித்தான் எண்ணுகிறார்கள்: ஒரே பாதை, நிதானமான நடை, இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அதற்குள் வந்தது மட்டுமே கணக்கு. வெயிலையும் காற்றையும் கூடவே குறித்துவிடுங்கள்.

ஆனால் பூச்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உகாய் மரம். அதன் இலையைக் கிள்ளி வாயில் போட்டிருக்கிறீர்களா? கடுகுக் காரம் நாக்கில் ஏறும். இந்தப் பூச்சியின் குடும்பத்தில் பலவற்றுக்கு அந்தக் காரமுள்ள செடிகள்தான் பிள்ளை வளர்க்கும் இடம். போன தை மாதம் ஒரு கிளையில் அரை மணி நேரம் தேடினேன். இலையும் புழுவும் ஒரே பச்சை. ஓர் இலையின் ஓரம் பிறை போலக் கடிபட்டிருந்தது. அதைத் திருப்பிய பிறகுதான் புழு கண்ணில் பட்டது. என் நோட்டில் அன்றைக்குப் பறந்த பூச்சி பூஜ்யம், புழு ஒன்று. அந்த ஒன்று எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது தெரியுமா!

ஆகவே தடத்தோரம் உள்ள உகாயையும், இந்தப் பூச்சியின் புழு தின்னும் இன்னொரு செடியான இசங்கையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எது சீமைக்கருவேல முள்ளுக்குள் மூடிக் கிடக்கிறது என்றும் எழுதுங்கள். 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமான இந்தக் காட்டில் இப்போது சீமைக்கருவேலம் பரவுகிறது. சீமைக்கருவேல நெற்றைத் தின்கிற மட்டக்குதிரைகள் சாணத்தோடு விதையைக் காடு முழுக்கப் பரப்புகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்ட இடங்களிலும் அந்தச் சீமைக்கருவேலம் புகுந்துவிடக்கூடாதே என்பதுதான் என் பயம்.

சீமைக்கருவேலத்தை அழிக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்ட வருகிறவர்களுக்குப் புதருக்குள் இருக்கும் உகாய் எதுவென்று யார் காட்டுவது? உங்கள் பட்டியல் காட்டும். அனுமதி வாங்கி, மரத்துக்கு ஒரு துணி கட்டிவிட்டு, எண்ணை எழுதி வனச்சரகரிடம் முதலில் அதைக் கொடுங்கள். பூச்சிக் கணக்கு அதன் பின்னால் வரட்டும்.