'ஸ்டார் வார்ஸ்' தொடரான 'தி மாண்டலோரியன்' மூன்றாம் சீசன் ஏன் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது?

பாதிக் குழப்பம் சீசன் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. 2020 டிசம்பரில், இரண்டாம் சீசன் முடிவில், குழந்தை குரோகு, மாய சக்தி கொண்ட ஜெடை வீரர்களில் ஒருவரான லூக் ஸ்கைவாக்கரோடு போனபோது பலர் கண் கலங்கினார்கள். அவன் தன்னை வளர்த்த நாயகன் தின் ஜாரினிடம் திரும்பி வந்ததோ 2022-இல், 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' என்ற வேறொரு தொடரில்! அதைப் பார்க்காதவர்கள் 2023 மார்ச்சில் மூன்றாம் சீசனைத் திறந்தால், குழந்தை ஜம்மென்று மடியில் இருக்கிறான். எரிச்சல் வராதா?

அப்புறம் கதை மாண்டலோரிய வீராங்கனை போ-கட்டான் பக்கம் சாய்ந்தது. தனி ஆளாகத் துப்பாக்கியோடு கிரகம் கிரகமாக அலையும் அந்த வெஸ்டர்ன் (கௌபாய் பட) வாசனைக்காக வந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் கருவாள் (மாண்டலோரியர்களை ஆளும் உரிமையின் சின்னம்; வைத்திருப்பவரை வென்றுதான் பெற வேண்டும்) கைமாறிய விதம்தான் உறுத்தியது. தின்னைப் பிடித்த இயந்திரப் பிராணியைப் போ-கட்டான் கொன்றாள், அதனால் வாள் அவளுடையதாம். வக்கீல் வாதம் மாதிரி இருந்தது.

குறை சொன்னவர்களும் கைதட்டிய இடம் நான்காம் எபிசோட். ஜெடை கோயில் தாக்குதலில் குரோகுவைக் காப்பாற்றிய ஜெடையாக வந்தவர் அகமது பெஸ்ட். 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்து, ரசிகர்களிடம் படாத வசை பட்டவர். அதே கூட்டம் இப்போது அவரைக் கொண்டாடியது.