ஏழு மணி ஆனாலே கை ஓங்குது

அன்புள்ள மேடம்,

மதுரை வில்லாபுரத்தில் குடியிருக்கிறோம். எனக்கு 31 வயது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். மூத்தவன் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்குப் பத்து மாதம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்.

கடை முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வர ஏழே கால் ஆகும். வந்ததும் பெரியவனுக்கு ஹோம்வொர்க். ஒரு வரி எழுதுவதற்குள் பென்சில் சீவணும், தண்ணி குடிக்கணும், ஒன்றுக்குப் போகணும். நான் கத்துவேன். அதற்குள் பாப்பா அழும். "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான் இருப்பான், விடு" என்று அத்தை என் போனை அவன் கையில் கொடுத்துவிடுவார். அப்போதுதான் எனக்கு உச்சிக்கு ஏறும். முன்பு முதுகில் ஒன்று போடுவேன். போன வாரம் ஸ்கேலால் அடித்ததில் கெண்டைக்காலில் வரி வரியாகத் தடித்துவிட்டது. ராத்திரி அவன் தூங்கின பிறகு தடவிக்கொடுத்து அழுதேன். நானெல்லாம் ஒரு அம்மாவா என்று இருக்கிறது.

ஆன்லைனில் கவுன்சிலிங் போகச் சொல்கிறாள் தோழி. எங்களுடையது ஒரு ஹால், ஒரு ரூம் உள்ள வீடு. எங்கே உட்கார்ந்து பேசுவது? காசு பிடுங்குகிறவர்களா, உண்மையானவர்களா என்று எப்படித் தெரியும்? பேசுவதைப் பதிவு செய்து வெளியே விட்டுவிட்டால்?

பெயர் வேண்டாம், மதுரை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட அது வரும் நேரம்தான் முதலில் கண்ணில் பட்டது. காலையில் அவனைக் கிளப்பும்போது அடித்ததாக எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமை அடித்ததாகவும் எழுதவில்லை. எல்லாம் ஏழே காலுக்குப் பிறகுதான். "நானெல்லாம் ஒரு அம்மாவா" என்ற கேள்வியோடு ஆலோசகரிடம் போனால் மாதக்கணக்கில் பேசலாம். அந்த ஒரு மணி நேரத்தைக் கொண்டுபோங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

ஆலோசகர் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே சிலதை மாற்றலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டீயைத் தவிர உங்கள் வயிற்றுக்கு எதுவும் போயிருக்காது. வந்ததும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடுங்கள், அவனுக்கும் கொடுங்கள். ஏழே முக்காலுக்கு முன் நோட்டைத் திறக்க வேண்டாம். ஏழு வயதில் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. பத்து நிமிடம் எழுதட்டும், மூன்று நிமிடம் எழுந்து நடக்கட்டும், மறுபடி பத்து நிமிடம். சீவிய பென்சில் இரண்டும் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் இருக்க, ஒன்றுக்கும் போய்வந்த பிறகு உட்காரவையுங்கள். அவன் எழுந்துபோகச் சொல்லும் மூன்று சாக்கும் அதோடு தீர்ந்தது. அரை மணியில் முடியாததை விட்டுவிட்டு, "இன்று இவ்வளவுதான் முடிந்தது" என்று டைரியில் டீச்சருக்கு எழுதி அனுப்புங்கள். அடுப்படியிலிருந்து கத்துவதில் பலன் இல்லை. பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லி ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பலகையைப் பார்த்து எழுதுவதிலும் தடுமாறுகிறான் என்று டீச்சர் சொன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.

அடித்ததும் அவன் எழுதுகிறான். அதனால் அடி பலித்தது போலத் தெரிகிறது, அதனாலேயே அடுத்த நாளும் கை போகிறது. ஆனால் பிள்ளைக்கு அடி பழகிப்போகும். பழகியபின் அதே அடி போதாது. முதுகில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தவர் ஸ்கேலுக்கு வந்தது இந்த வழியில்தான். ஸ்கேல் இனி பள்ளிப் பையைவிட்டு வெளியே வர வேண்டாம். கை ஓங்கும் முன்பே உடம்பு காட்டிக்கொடுக்கும்: சிலருக்குப் பல் நெறுநெறுக்கும், சிலருக்குக் காது சூடாகும். உங்களுக்கு எது என்று கவனியுங்கள். அது தெரிந்த உடனே "அம்மா முகம் கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். சொல்லாமல் போனால் பயந்து பின்னாலேயே வருவான். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், இரண்டு நிமிடம் போதும்.

அதையும் மீறி அடித்துவிட்டால், அவன் விழித்திருக்கும்போதே "அடிச்சது அம்மா தப்பு" என்று சொல்லுங்கள். "நீ எழுதியிருந்தா அடிச்சிருப்பேனா" என்ற வால் வேண்டாம். தூங்கின பிறகு தடவிக்கொடுத்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அத்தையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பகலெல்லாம் பத்து மாதக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர், ஏழு மணிக்குச் சத்தம் அடங்கினால் போதும் என்றுதான் போனைக் கொடுக்கிறார். "எட்டே கால் வரைக்கும் பாப்பாவை வாசல்ல வச்சுக்கோங்க அத்தை, அப்புறம் நான் வாங்கிக்கிறேன்" என்று முடியும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி ஆன்லைன். முகம் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை, குரல் போதும். ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். வீட்டுக்குள் பேச வேண்டாம். விளையாடுவதுபோல் இருந்தாலும் பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பான். வார விடுமுறையில் தோழி வீட்டிலோ ஆள் இல்லாத மொட்டை மாடியிலோ இயர்போன் போட்டுப் பேசுங்கள். யாராவது கேட்டால், "பையன் படிப்பு விஷயமா ஒருத்தர்கிட்ட பேசணும்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. போன் பையன் கையில் புழங்குவதால் ஆலோசகரோடு வாட்ஸ்அப்பில் எதையும் எழுதிவைக்காதீர்கள். லைன் கட்டானால் யார் திரும்ப அழைப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில் உங்கள் முகவரியும் அவசரத்துக்கு ஒருவருடைய எண்ணும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், கேட்காதவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். தூக்கம், பசி, மாதவிலக்கு, பிரசவத்துக்குப் பிறகு மனசு எப்படி இருக்கிறது, சாகலாம் என்று தோன்றியதா என்றெல்லாம் கேட்பார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது மூன்று நாள் குறிப்பு: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. பதிவு செய்கிறார்களா என்று எடுத்த எடுப்பிலேயே கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கூடாது. சிகிச்சை விவரங்களின் ரகசியம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குப் பெரிய தீங்கு போன்ற சில நிலைகளில் விலக்கு உண்டு.

"கவுன்சிலர்" என்று பலகை மாட்டுபவர்கள் எல்லோரும் படித்தவர்கள் அல்ல. உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலைப் பட்டம் உண்டா, எங்கே பயிற்சி என்று கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். முதல் போனிலேயே நோயின் பெயர் சொல்பவர், பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கேட்பவர், ஜாதகத்தையும் சேர்த்துப் பார்ப்பவர், இவர்களை விட்டுவிடுங்கள். மாத்திரை எழுத டாக்டர்தான் வேண்டும்.

காசே இல்லாமல் பேச 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஒவ்வொரு முறையும் அதே ஆள் கிடைப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி மனசு தாங்காதபோது அது நல்லது. வாரா வாரம் தொடர ஒரே ஆலோசகர் வேண்டும்.

போன் வழியாகத் தெரியாத விஷயங்களும் உண்டு. ரத்தசோகையும் தைராய்டும் எரிச்சலாகவே வெளிப்படலாம், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரண்டையும் பார்த்துவிடுங்கள். பாப்பாவுக்கு ஒரு வயது ஆகாத இந்த நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையாகவே வந்தால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டு நேரில் காட்டுங்கள். பிள்ளைகளோடு செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

இரண்டு மூன்று அமர்வு முடிந்ததும் கணவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். லீவு போட வேண்டியதில்லை, ஓசூரிலிருந்தே அதே அழைப்பில் வரலாம். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு வரும் ராத்திரிகளில் பாப்பா அழுதால் அவர் எழுந்து தூக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவரானால் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அந்த ராத்திரியாவது ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குங்கள்.