நரம்பு செல்லில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ன வேலை செய்கிறது?

நரம்பு செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம்தான் இந்தப் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். அதற்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி (ATP) மூலக்கூறு ஒன்று செலவாகும். நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்ட டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ, 1997-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எதற்கு இந்தப் பாடு? சவ்வில் எப்போதும் கசிவு உண்டு. சோடியம் உள்ளே வரும், பொட்டாசியம் வெளியே போகும். அப்படியே விட்டால், வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்கும் ஏற்றத்தாழ்வு காலப்போக்கில் கரைந்துவிடும். பிறகு நரம்பில் மின் சைகை பிறக்க வழியில்லை.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலே ஏற்றி வைப்பதுதான் அதன் வேலை. குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாகக் கொட்டும். அந்த நொடியில் மோட்டார் ஓட வேண்டியதில்லை. நரம்பில் குழாயாக இருப்பவை சோடியம் வாயில்கள். அவை திறந்ததும் சோடியம் பாய்ந்து வர, ஓய்வில் சுமார் −70 மில்லிவோல்ட்டாக இருந்த உட்புறம் கண நேரத்தில் நேர்மின்னழுத்தத்துக்கு மாறுகிறது.

மூளை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது. ரத்த ஓட்டம் நின்றால் மூளை செல்கள் சில நிமிடங்களிலேயே பாதிக்கப்படுவதற்கு இதுவும் முக்கியக் காரணம்: ஏடிபி தீர்ந்து பம்ப் நிற்க, சோடியத்தோடு தண்ணீரும் புகுந்து செல் வீங்குகிறது.

ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பம்ப்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்வது தன் வாயில்கள் வழியே வெளியேறும் பொட்டாசியம். பம்பை நிறுத்தினாலும் தடித்த நரம்பிழை கொஞ்ச நேரம் சைகை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.